துணி பழசு, நூல் புதுசு

ஐறீன் வீட்டில் இந்த வாரம் உட்கார வேண்டுமானால் முதலில் கதிரையைத் தடவிப் பார்க்க வேண்டும். குண்டூசி எங்கே இருக்கும் என்று சொல்ல முடியாது. சோபாவில் துணி, சாப்பாட்டு மேசையில் துணி, ஃப்ரிட்ஜின் தலையிலும் துணி. மாதா சுரூபத்துக்கு முன்னால் மட்டும் ஒரு சாண் இடம் விட்டிருந்தார்கள். அதுவும் பக்தியில் இல்லை, மெழுகுதிரி பற்றிக்கொள்ளுமே என்ற பயத்தில்.

எல்லாம் ஃபாதரால் வந்தது. "வீட்டில் மிஞ்சிக் கிடக்கும் துணித் துண்டுகளைத் தாருங்கள், ஆஸ்பத்திரியில் இருக்கும் பிள்ளைகளுக்கு நம் பெண்கள் சங்கம் புதுப் போர்வை தைத்துக் கொடுக்கும்" என்று பூசை முடிவில் அவர் அறிவித்ததுதான் தாமதம், கொழும்பு கொட்டாஞ்சேனை முழுவதும் அலுமாரியை உதறிவிட்டது. தையல்கடை வெட்டுத்துண்டுகள் வந்தன. கார்மன்ட் மிச்சங்கள் சாக்கில் வந்தன. மெல்பேர்னுக்குக் குடிபோன ஒருத்தி பாதியில் விட்டுப்போன சதுரங்கள், தைத்தது தைத்தபடியே, ஒரு பெட்டி நிறைய வந்தன. சங்கத்தின் தலைவி ஐறீன். தலைவி என்றால் மற்றவர்கள் வேலையைக் கொண்டுவந்து கொட்டும் வீட்டுக்காரி என்று அர்த்தம்.

செவ்வாய்க்கிழமை வந்த பையும் அப்படித்தான் வந்தது. த்ரீவீல் ஓட்டும் நப்ரீஸ் கீழே நின்று ஹோர்ன் அடித்து, "ஐறீன் அன்ட்டி, வெள்ளவத்தைல இருந்து துணி! பிள்ளைக்காம்!" என்று கத்தினான்.

"பிள்ளைகளுக்குத்தானே? படியில வை மகன்!" என்று பல்கனியிலிருந்து பதில் கொடுத்தாள் ஐறீன்.

பிள்ளைக்கு என்றான் அவன். பிள்ளைகளுக்கு என்று எடுத்துக்கொண்டாள் இவள். நடுவில் நுழைந்த அந்த ஒரு 'கள்', குடிக்காமலே ஐறீனைத் தள்ளாட வைக்கப் போகிறது என்று அப்போது யாருக்குத் தெரியும்?

பைக்குள் ஒரு நூல் சேலையும் ஒரு வேட்டியும் இருந்தன. எத்தனையோ தரம் தோய்த்துத் தோய்த்துக் கன்னத்தில் வைத்தால் தூக்கம் வரும் பதத்துக்கு வந்த துணி. "ஆரோ நல்ல மனுசி" என்று வாய்நிறைய வாழ்த்திவிட்டு, ஐறீன் கத்தரிக்கோலை எடுத்தாள்.

இனி சனிக்கிழமைக்கு வருவோம்.

காலையிலிருந்தே வீடு பரபரப்பாக இருந்தது. மருமகள் மிதுனாவின் தாய் சரோஜினிதேவி அன்று பின்நேரம் முதல் தடவையாக இந்த வீட்டுப் படி ஏறப்போகிறார். மிதுனாவும் ஐறீனின் மகன் றமேஷும் பதிவுத் திருமணம் செய்து இரண்டு வருடம். யாழ்ப்பாணத்துச் சைவக் குடும்பத்துப் பெண் கொட்டாஞ்சேனை வேதக்காரப் பையனைக் கட்டியதை வெள்ளவத்தையில் இருக்கும் அவள் வீட்டில் ஒருவரும் மன்னிக்கவில்லை. மிதுனாவுக்கு இப்போது எட்டு மாதம். ஐந்தாம் மாதத்தில்தான் தாய் மெல்ல ஃபோன் எடுக்கத் தொடங்கினார். தகப்பன் நாகேந்திரம், புதுக்கடை நீதிமன்றத்தில் பெயர்போன வழக்கறிஞர், இன்னும் வாய் திறக்கவில்லை.

ஐறீனுக்கு ஒரே கவலை, வருகிறவரை எப்படிக் கூப்பிடுவது என்பதுதான். 'மிசிஸ் நாகேந்திரம்' என்றால் வங்கியில் கடன் கேட்பது போல இருக்கிறது. 'சம்பந்தி' என்றால் அதை அவர் ஒப்புக்கொள்ள வேண்டுமே? சட்டிக்கு முன்னால் நின்று இரண்டையும் மாறிமாறிச் சொல்லிப் பார்த்தபடி மரக்கறிக் கட்லட் உருட்டி வைத்தாள். பொரிப்பதற்குப் புது எண்ணெயும் வாங்கி வைத்தாள், மீன் பொரித்த எண்ணெய் மணக்கக் கூடாது என்று.

பிறகு கடைசிப் போர்வையின் ஓரத்தைப் பிடிக்க உட்கார்ந்தபோது, மிதுனா ஃபோனும் கையுமாக அறையிலிருந்து வந்தாள். முகமெல்லாம் சிரிப்பு.

"மாமி, அம்மா மூண்டு மணிக்கு வாறாவாம். செவ்வாய்க்கிழமை குடுத்துவிட்ட பழந்துணி கிடைச்சுதோ எண்டும் கேட்டவ. நீங்கள் எனக்குச் சொல்லவே இல்லை?"

ஐறீனின் வாயில் நாலு குண்டூசி இருந்தது. அதனால் "ம்?" என்று மட்டும்தான் சொல்ல முடிந்தது.

"எங்கட ஆக்கள் பிள்ளை பிறந்து முப்பத்தொண்டாம் நாள் மட்டும் புதுத்துணி போடமாட்டினம் மாமி. வீட்டுப் பழந்துணியிலதான் ஏந்துவினம். நான் பிறக்கேக்க என்னை ஏந்தின சீலையை அம்மா இத்தனை வருசமா வைச்சிருந்தவ. அதைத்தான் அனுப்பியிருக்கிறா." மிதுனா ஃபோனை வயிற்றோடு அணைத்துக்கொண்டாள். "கோவம் போயிட்டுது எண்டு அவவுக்கு வாயால சொல்ல வராது மாமி. இப்பிடித்தான் சொல்லுவா."

ஐறீன் குண்டூசிகளை ஒவ்வொன்றாக எடுத்து ஊசிமெத்தையில் குத்தினாள்.

"எங்க மாமி வைச்சிருக்கிறீங்கள்?"

"உள்ளுக்கு இருக்கு மகள். பத்திரமா இருக்கு."

ஒரு வகையில் அது பொய் இல்லை. பத்திரமாகத்தான் இருந்தது, துண்டு துண்டாக.

மிதுனா குளிக்கப் போனதும் குசினியில் அவசரக் கூட்டம் நடந்தது. ஐறீன், றமேஷ், அடுத்த வீட்டு இமெல்டா. இமெல்டா சங்கத்தின் செயலாளர். மெஷினையும் வாயையும் ஒரே வேகத்தில் ஓட்டக்கூடியவள்.

"ஆண்டவரே, அந்தப் பிள்ளையை ஏந்தின சாரியை நான் வெட்டிப்போட்டனே!" என்று ஐறீன் தலையில் கை வைத்தாள். "அந்த மனுசி இண்டைக்குத் திரும்பிப் போனா, பிறகு இந்தப் படி ஏறுமா?"

"தையலைப் பிரிச்சுத் திரும்ப ஒட்டினா என்ன?" என்றான் றமேஷ்.

"வெட்டின சாரியை ஒட்டினா அது சாரி ஆகுமா? அது போர்வைதான்," என்றாள் இமெல்டா. "உள்ளதைச் சொல்லு ஐறீன். பொய் சொல்லி வாழ்ந்தவனும் இல்ல, மெய் சொல்லிக் கெட்டவனும் இல்ல."

"அது சம்பந்திமாருக்குச் சொன்ன பழமொழி இல்ல!"

சேலையைக் காப்பாற்ற வழி இல்லை. அதன் மஞ்சள் கரையின் அழகில் மயங்கி, ஒரு போர்வையின் நடுவில் அகலமாக வைத்துத் தைத்திருந்தாள் ஐறீன். வேட்டியின் பாதி அதே போர்வைக்குச் சுற்றுக் கரையானது. மற்றப் பாதி, மெல்பேர்ன்காரியின் சதுரங்களுக்கு நடுவே நடுவே புகுந்து, கோயில் மண்டபத்தில் அடுக்கி வைத்த வேறு போர்வைகளுக்குப் போய்விட்டது. நாளை பூசையில் ஆசீர்வதித்து ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டியவை அவை.

றமேஷுக்குத் துறைமுகத்துக் கப்பல் கம்பெனியில் வேலை. சரக்கு காணாமல் போனால் வேறு சரக்கால் சமாளிக்கும் பழக்கம் அவனுக்கு உண்டு. "வேட்டி எல்லாம் ஒண்டுதானே மம்மி. அதே பச்சைக்கரையில ஒண்டு வாங்கிட்டு வாறன். வேட்டியையாவது காட்டுவம். சாரியை ஆறுதலாச் சொல்லுவம்."

தப்பு என்று ஐறீனுக்குத் தெரியும். ஆனால் பயம் வந்தால் புத்தி கொஞ்சம் வெளியே போய் நிற்கும். "ஓடு," என்றாள்.

றமேஷ் வாங்கி வந்த வேட்டி, கஞ்சி போட்ட பொலீஸ்காரன் மாதிரி விறைத்துக்கொண்டு நின்றது. மடித்த இடத்தில் கை வைத்தால் வெட்டும் போலிருந்தது.

இத்தனை நாளாகப் பழசைப் புதுசாக்கிய வீட்டில் புதுசைப் பழசாக்கும் வேலை தொடங்கியது. சோடா போட்டு அவித்தார்கள். கல்லில் அடித்தார்கள். இமெல்டா தேங்காய்த் தும்பால் தேய்த்தாள். றமேஷ் கலிசானை முழங்கால் வரை சுருட்டிக்கொண்டு பேசினுக்குள் இறங்கி மிதித்தான். வேட்டி மசியவே இல்லை. ஐம்பது வயது மனிதனின் குணத்தைக் கலியாணத்துக்குப் பிறகு மாற்றப் பார்ப்பது போல என்று இமெல்டா பெருமூச்சு விட்டாள்.

"மாமி, என்ன இந்த நேரத்தில இப்பிடித் தோய்க்கிறீங்கள்?" அறைக்குள்ளிருந்து மிதுனா கேட்டாள்.

"றமேஷுக்குக் கொஞ்சம் புத்தி வரட்டும் எண்டு!"

கட்லட்டைப் பொரித்து எடுப்பதற்குள் கீழே ஒரு கார் வந்து நின்றது. கொழும்பில் மூன்று மணிக்கு வருகிறேன் என்றால் நாலு மணிக்கு வருவார்கள். சரோஜினிதேவி இரண்டரைக்கே வந்துவிட்டார்.

பருத்திச் சேலை, நெற்றியில் விபூதிக் கீற்று, கையில் ஒரு பெரிய கைப்பை, ஒரு சீப்பு கதலி வாழைப்பழம். வாசலில் செருப்பைக் கழற்றியவர், மகளின் வயிற்றைப் பார்த்தார். பிறகு மகளின் முகத்தைப் பார்த்தார்.

"மெலிஞ்சு போனாய்," என்றார்.

"பதினொரு கிலோ கூடியிருக்கிறன் அம்மா."

"முகம் மெலிஞ்சு போச்சு."

இரண்டு பேரும் சிரித்துக்கொண்டே அழுதார்கள். ஐறீனுக்கும் கண் நிறைந்தது. ஒத்திகை பார்த்த இரண்டு பெயரும் மறந்துபோக, "வாங்கோ, இருங்கோ, பாத்து, குண்டூசி!" என்று மட்டும் சொன்னாள்.

தேத்தண்ணீர் வந்தது. கட்லட் வந்தது. சரோஜினிதேவி ஒன்றைக் கையில் எடுத்து, "மரக்கறிதான்" என்று ஐறீன் மூன்று தரம் சொன்ன பிறகு கடித்தார். "ருசியா இருக்கு," என்றார். ஐறீனின் மனது இலேசாயிற்று. அந்தக் கணம் பார்த்துத்தான் மிதுனா வாயைத் திறந்தாள்.

"மாமி, அந்தச் சீலையை எடுத்து வாங்கோவன். நான் இன்னும் பாக்கேல்ல."

சரோஜினிதேவியின் கை, தேத்தண்ணீர்க் கோப்பையோடு பாதியில் நின்றது.

ஐறீன் எழுந்து உள்ளே போனாள். பின்கட்டில் றமேஷ் இன்னும் மிதித்துக்கொண்டிருக்கும் சத்தம் கேட்டது. வேட்டியை எடுத்துப் போகலாம். இன்றைக்குச் சமாளிக்கலாம். ஆனால் அந்தப் பெண் இரண்டு வருடம் ஏங்கிக் கிடைத்த தாயை ஒரு கடைவேட்டியைக் காட்டி ஏமாற்றுவதா? ஐறீனுக்கு வெட்கமாக இருந்தது. கட்டிலில் மடித்து வைத்த போர்வையை மார்போடு அணைத்துக்கொண்டு வந்து, சரோஜினிதேவியின் மடியில் வைத்தாள்.

"அக்கா, நான் வெட்டிப்போட்டன்," என்றாள். அவளை அறியாமலே 'அக்கா' என்று வந்துவிட்டது. "ஆஸ்பத்திரிப் பிள்ளைகளுக்கு எண்டு வந்த துணியோட ஒண்டு எண்டு நினைச்சிட்டன். நீங்க அனுப்பினது எண்டு இண்டைக்குக் காலமைதான் தெரியும். என்னை மன்னிச்சுக்கொள்ளுங்கோ."

மிதுனாவின் முகத்தை ஐறீனால் பார்க்க முடியவில்லை. இமெல்டாகூட வாயை மூடிக்கொண்டாள் என்றால் நிலைமையை நீங்களே யோசித்துப் பாருங்கள்.

சரோஜினிதேவி போர்வையை விரித்தார். நடுவில் அந்த மஞ்சள் கரை. விரலால் அதை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை தடவினார்.

"இந்த நீலத்துண்டு ஆருடையது?" என்றார் கடைசியில்.

"றமேஷ்ட ஸ்கூல் கலிசான் அக்கா. மூண்டாம் வகுப்பு."

"பின்பக்கம் தேஞ்சு போயிருக்கு."

"வாங்குப் பலகையில வழுக்கி விளையாடுவான்."

"இந்தப் பூப்போட்டது?"

"என்ட கவுன்," என்றாள் இமெல்டா, அடக்க முடியாமல்.

சரோஜினிதேவி நிமிர்ந்தார். கண் கலங்கியிருந்தது. ஆனால் கோபம் இல்லை.

"நாலு நாளா எனக்கு நித்திரை இல்லை," என்றார். "துணி அனுப்பினன், ஒரு சத்தத்தையும் காணேல்ல. உங்கட ஆக்களுக்கு எங்கட வழக்கம் தெரியாது. இரண்டு வருசம் திரும்பிப் பாராதவள் கடைசியிலை பழந்துணியை அனுப்பி எங்களை அவமதிக்கிறாள் எண்டு நினைச்சிருப்பியள், குப்பையில போட்டிருப்பியள் எண்டுதான் நினைச்சன். அதைக் கேக்கத்தான் நேரத்தோட வந்தனான். நீங்கள் எண்டா நடுவில வைச்சுத் தைச்சிருக்கிறியள்."

ஐறீன் பொல பொலவென்று அழுதுவிட்டாள். அவமானத்தில் தொடங்கிய அழுகை எங்கோ நடுவழியில் சந்தோஷமாக மாறிவிட்டது.

"அப்ப அம்மா, பிள்ளையை இதில ஏந்தலாமோ?" மிதுனா மெல்லக் கேட்டாள். "முப்பத்தொண்டு மட்டும் புதுசு கூடாதே?"

"ஃபாதர் புதுப் போர்வை எண்டுதானே அறிவிச்சவர்," என்று இமெல்டா எடுத்துக் கொடுத்தாள். ஐறீன் முறைத்த முறைப்பில் மிச்சத்தை விழுங்கினாள்.

சரோஜினிதேவி யோசித்தார். போர்வையைத் திருப்பினார். ஓரத்தை இழுத்துப் பார்த்தார். புதுக்கடையில் கணவர் வாதாடுவார். வெள்ளவத்தை வீட்டில் தீர்ப்புச் சொல்வது எப்போதும் இவர்தான்.

"துணி எல்லாம் பழசு," என்றார். "நூல்தான் புதுசு. நூலைப் பற்றி எங்கட ஆக்கள் ஒருத்தரும் ஒண்டும் சொல்லி வைக்கேல்ல. ஏந்தலாம்."

வீட்டுக்கு மூச்சு வந்தது. சரியாக அந்த நேரம் பார்த்து, நடந்தது ஒன்றும் தெரியாத றமேஷ், முழங்கால் வரை நனைந்தபடி உள்ளே வந்தான். கையில் வேட்டி. முகத்தில் பவ்வியம்.

"வாங்கோ மாமி. நீங்க அனுப்பின வேட்டி. பிள்ளைக்கு எண்டு இன்னொருக்காத் தோய்ச்சு வைச்சனான்."

வேட்டியின் மூலையில் கடை லேபல் தொங்கிக்கொண்டிருந்தது. இத்தனை மிதியிலும் அது மட்டும் அசையவில்லை.

முதலில் சிரித்தது சரோஜினிதேவிதான். வாயைச் சேலைத் தலைப்பால் பொத்திக்கொண்டு, தோள் குலுங்கக் குலுங்கச் சிரித்தார். மிதுனா வயிற்றைப் பிடித்துக்கொண்டு, "அம்மா, போதும், பிள்ளை உதைக்குது" என்றாள். றமேஷ் ஒவ்வொரு முகமாகப் பார்த்து, லேபலைப் பார்த்து, காது சிவக்க வேட்டியை முதுகுக்குப் பின்னால் மறைத்தான்.

சிரிப்பு அடங்கியதும் சரோஜினிதேவி குரலைத் தாழ்த்தினார். "நான் அனுப்பின வேட்டி இவளின்ர அப்பாவின்ர. சொல்லாமல் அலுமாரியில இருந்து எடுத்தனான். இவளைப் பள்ளிக்கூடத்தில சேர்க்கப் போகேக்க கட்டினது எண்டு ஒருத்தரையும் தொட விடமாட்டார். நாலு நாளாத் தேடுறார்."

மிதுனா சிரிப்பை நிறுத்தினாள். "அப்பா எங்க அம்மா?"

"கீழ, காருக்குள்ள. இறக்கிவிட வந்தவர். மேல வரமாட்டாராம்."

மிதுனா போர்வையைத் தன் மடிக்கு இழுத்துக்கொண்டாள். அந்தப் பச்சைக் கரையில் கை வைத்தபடி இருந்தாள். அப்பா இருபது படிக்குக் கீழே இருக்கிறார், ஆனால் வரமாட்டார் என்பது அவர் வெள்ளவத்தையில் இருப்பதைவிட அதிகமாக வலித்தது.

சரோஜினிதேவி மகளைப் பார்த்தார். கைப்பையிலிருந்து ஃபோனை எடுத்தார்.

"இஞ்சேருங்கோ, கண்ணாடியைக் காருக்குள்ள விட்டிட்டன். இஞ்ச ஒரு தையலைப் பாக்க வேணும். கொண்டு வாங்கோ... வாசல் வரைக்கும் வந்தாப் போதும்."

திறந்திருந்த கைப்பைக்குள் கண்ணாடிக் கூடு பளிச்சென்று தெரிந்தது. இமெல்டா அதைப் பார்த்தாள். சங்கத்தின் சரித்திரத்தில் முதல் தடவையாக, பார்த்ததைச் சொல்லாமல் இருந்தாள்.

படியில் காலடிச் சத்தம் கேட்டது. மெதுவான, விருப்பமில்லாத சத்தம்.

"காருக்குள்ள ஒரு கண்ணாடியும் இல்லை. நீர்தான் எங்கேயோ..." என்று தொடங்கிய நாகேந்திரம் வாசலில் நின்றுவிட்டார். பழக்கதோஷத்தில் ஒரு செருப்பைக் கழற்றியவர், வந்த இடம் எது என்று ஞாபகம் வந்ததும் மற்றதைக் கழற்றாமல் நிறுத்திக்கொண்டார். எதிரே மகள். மகளின் நிறைவயிறு. மடியில் ஒரு போர்வை.

அவர் பார்வை போர்வையின் கரையில் விழுந்தது. புருவம் சுருங்கியது. இரண்டு வருடத்துக்குப் பிறகு மகளிடம் அவர் பேசிய முதல் வார்த்தைகள் இவைதான்:

"பிள்ளை, உது என்ர வேட்டியெல்லோ?"

"ஓம் அப்பா," என்றாள் மிதுனா.

சரோஜினிதேவி அவசர அவசரமாக ஒரு கட்லட்டை வாயில் போட்டுக்கொண்டார்.

நாகேந்திரம் கரையை ஒரு மூலையிலிருந்து மறுமூலை வரை கண்ணால் அளந்தார். "இது பாதிதான். மிச்சம் எங்க?"

ஐறீன் கண்ணைத் துடைத்துக்கொண்டு முன்னே வந்தாள். இனி மறைக்க அவளிடம் ஒன்றும் இல்லை. "மிச்சம் கோயில்ல இருக்கு. ஆஸ்பத்திரிப் பிள்ளைகளுக்குத் தைச்ச போர்வைகளில. நாளைக்குக் காலமை பூசையில ஆசீர்வதிச்சுக் குடுக்கிறம்."

"என்ர வேட்டியையோ?"

"ஓம்."

நாகேந்திரம் தொண்டையைச் செருமினார். புதுக்கடையில் எதிர்த்தரப்பு வழக்கறிஞர்கள் பயப்படும் செருமல் அது.

"நான் வந்து பாக்குமட்டும் அதில ஒண்டையும் ஒருத்தருக்கும் குடுக்கப்படாது," என்றார்.

அது நாளைக்கு வருகிறேன் என்ற வாக்கா, அல்லது தடையுத்தரவா என்று அங்கே ஒருவருக்கும் விளங்கவில்லை. ஐறீன் இமெல்டாவைப் பார்த்தாள். இமெல்டா மாதாவைப் பார்த்தாள்.

மிதுனா அப்பாவின் காலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் இரண்டாவது செருப்பையும் கழற்றிக்கொண்டிருந்தார்.